முதல் ஷிப்டுக்கு பஸ் இல்லை

செருப்புக் கடை வைத்திருப்பவனுக்குத் தன் கால் அளவு மாறியது தெரியாமல் போகுமா? எனக்குப் போனது. ஒருநாள் காலையில் வழக்கமாகப் போடும் செருப்புக்குள் கால் நுழையவில்லை. தோல் சுருங்கிவிட்டது என்று நினைத்து, கடையிலிருந்து ஒரு அளவு பெரியதாக எடுத்துப் போட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் அதுவும் பிடித்தது. கம்பெனியில் அளவை மாற்றி அனுப்புகிறார்கள் என்று சரக்கு கொண்டுவந்த ஏஜெண்டிடம் சண்டை போட்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஒளு எடுக்கும்போது (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) கணுக்காலுக்கு மேலே கட்டைவிரல் அழுந்திய இடம் குழியாகவே நின்றது. தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்த்தேன். மெதுவாகத்தான் மேலே வந்தது. பக்கத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போல என்றார். பல வருஷம் வளைகுடாவில் லாரி ஓட்டிவிட்டு வீரசோழனுக்குத் திரும்பியவன் நான். எனக்குத் தும்மல் வந்தாலும் எங்கள் ஊரார் தண்ணீர் மேல்தான் பழி போடுவார்கள்.

மதுரையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிரியாட்டினின் (ரத்தத்தில் சேரும் ஒரு கழிவு, சிறுநீரகம் வடிகட்டாமல் விட்டால் இதன் அளவு ஏறும்) எக்கச்சக்கமாக இருந்தது. முதுகு வலிக்கு மாத்திரை சாப்பிடும் பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டார். தினமும் சாப்பிடுவேன், அது இல்லாமல் லாரி ஓட்டியிருக்க முடியாது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். பி.பி. எப்போது பார்த்தீர்கள் என்றார். பார்த்ததே இல்லை.

இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார். எப்போது சரியாகும் என்று கேட்டேன். "சரியாகாது. ஆனா நீங்க வாழலாம்" என்றார். அந்த வாக்கியத்தின் மேல் எனக்குக் கோபம் வந்தது. சரியாகாத ஒன்றை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வதாம்? வீடு வரும்வரை பஸ்ஸில் என் மனைவி ரஹ்மத்திடம் அந்த டாக்டரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்ததைத் திருச்சுழி தாண்டிய பிறகுதான் கவனித்தேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இதே நோய் இருக்கலாம். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் விடுவது) வலிப்பதைவிட அலுப்பூட்டும். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். அதற்கு முன் கையில் ஃபிஸ்டுலா வைப்பார்கள் (இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்து, பெரிய ஊசி குத்துவதற்கு வாகாக்கும் சிறு அறுவை). எனக்கு இடது கையில். அந்தக் கையில் பாரம் தூக்காதீர்கள். பி.பி. பார்க்க, ரத்தம் எடுக்க அந்தக் கையை நீட்டாதீர்கள். அவசரத்தில் யாராவது பிடித்தால் உதறிவிடுங்கள், மரியாதைக் குறைவாக நினைத்தாலும் பரவாயில்லை.

நான் ஓரிடத்தில் உட்கார முடியாத ஆள். சாப்பிடும்போதே எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வருவேன். அப்படிப்பட்டவனைக் கட்டிலோடு கட்டிப் போட்டால் எப்படி இருக்கும்? கையை அசைக்கக் கூடாது என்பதால் கால்கள் ஆட ஆரம்பித்தன. சிறுநீரக நோயில் இது ஒரு தொல்லை. படுத்தால் கால்களைச் சும்மா வைத்திருக்க முடியாது. எறும்பு ஊர்வதுபோல உள்ளே ஒரு நமைச்சல். முதல் மாதத்தில், அரை மணி நேரம் முன்னாலேயே கழற்றிவிடச் சொல்லி ஒவ்வொரு முறையும் டெக்னீஷியன் பெண்ணிடம் கெஞ்சுவேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போய் அடுத்த கட்டிலைப் பார்க்கும்.

அதைவிடப் பெரிய பாடு தாகம். சிறுநீர் போகாத உடம்பில் குடித்த தண்ணீர் அப்படியே தங்கும். காலில் நிற்கும், பிறகு நெஞ்சுக்கு ஏறும். நாள் முழுக்க இவ்வளவுதான் என்று ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுவார்கள். எங்கள் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் செம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். அதை வாங்காவிட்டால் பகையாகிவிடும். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே பேசப் பழகினேன்.

பிறகு, விசாரிக்க வருகிறவர்கள். நோயாளியைப் போய்ப் பார்ப்பது எங்களுக்கு மார்க்கக் கடமை. அண்டை அயல் இந்துக்களுக்கும் அது விடக்கூடாத மரியாதை. கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சாத்துக்குடி, ஆரஞ்சு, வாழைப்பழம், இளநீர். எங்கள் வீடு பழக்கடை மாதிரி ஆகிவிட்டது. ஆனால் டாக்டர் எனக்கு முதலில் தடுத்தது இவற்றைத்தான். இவற்றில் பொட்டாசியம் (ஒரு வகை உப்பு, சிறுநீரகம் வேலை செய்தால் வெளியேறிவிடும், இல்லையென்றால் ரத்தத்தில் ஏறி இதயத்தையே நிறுத்திவிடும்) அதிகம். அதிலும் இளநீரை எங்கள் வார்டில் யாரும் பேச்சுக்குக்கூட இழுக்க மாட்டோம். உடம்பு சரியில்லை என்றால் இந்தச் சீமையில் முதலில் வெட்டுவது அதைத்தான். குளிர்ச்சி, சத்து, மருந்துக்கு மருந்து என்பார்கள். ரஹ்மத் வந்தவர்களுக்கு நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, அவர்கள் தெருமுனை திரும்பியதும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவாள்.

வந்தவர்கள் எல்லாம் நன்றாகக் கேட்டார்கள். நான் சொல்லச் சொல்ல உச்சுக்கொட்டினார்கள், கண் கலங்கினார்கள், அல்லாஹ் இருக்கிறான் என்றார்கள். போன பிறகு எனக்கு ஒரு மாதிரி வெறுமையாக இருக்கும். அவர்கள் மேல் குறை இல்லை. ஆனால் டயாலிசிஸ் நாளில் என் கடையைத் திறக்க ஆளில்லை என்பதை நான் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தேன். ஒருவர்கூடச் சாவியைக் கேட்கவில்லை.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்தது இரண்டாவது ஷிப்ட், காலை பதினொரு மணிவாக்கில் தொடங்குவது. அரசுக் காப்பீட்டில் நடந்ததால் பணக் கவலை இல்லை. எனக்கு முன்னால், முதல் ஷிப்டில் அதே கட்டிலில் படுப்பவர் சோலை அண்ணன். நரிக்குடிக்குத் தெற்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சின்ன ஊர். மழை பெய்தால் குதிரைவாலியும் கேழ்வரகும் போடுவார். எப்போதும் இருப்பது ஆடுகள். அவரை இறக்கிவிட்டு, இயந்திரத்தைக் கழுவி, என்னை ஏற்றுவார்கள். அவர் ஊர் வழியாகப் போகும் பஸ் மத்தியானத்துக்கு மேல்தான். அதுவரை என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

உட்கார்ந்து பேசுவார். கட்டிப் போட்டவனுக்குக் கேட்பதைத் தவிர என்ன வேலை? ஆனால் நாளாக ஆக, அவர் பேச்சில் என் கால்கள் கொஞ்சம் அடங்கின. எந்த ஆடு குட்டி போட்டது, எந்தக் கிடா முட்டியது, கண்மாயில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, மனைவி பாண்டியம்மாளுக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரிவதில்லை என்று எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்லுவார். மற்ற நோயாளிகளும் மெல்ல மெல்ல என்னிடம் வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். பாய் நன்றாகக் கேட்பார் என்று வார்டில் பேர் கிடைத்தது. வாழ்க்கையில் யாரும் என்னைப் பொறுமைசாலி என்று சொன்னதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

சோலை அண்ணன் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை ஒன்று உண்டு. முதல் ஷிப்ட் விடிந்ததுமே தொடங்கிவிடும். அந்த நேரத்துக்கு அவர் ஊரிலிருந்து பஸ் கிடையாது. அதனால் முந்தின நாள் சாயங்கால பஸ்ஸிலேயே வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார். அவர் இல்லாத ஓர் இரவில் நாய்கள் ஆட்டுப் பட்டியின் முள் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டன. கண் தெரியாத பாண்டியம்மா சத்தம் கேட்டுக் கம்போடு ஓடி, கல் தடுக்கி விழுந்தார். விடிந்து பார்த்தால் சினையாடு உட்பட நாலைந்து செத்துக் கிடந்தன. அதிலிருந்து, டயாலிசிஸுக்கு முந்தின சாயங்காலம் வந்தாலே அவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஷிப்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். எல்லா இடமும் நிறைந்திருக்கிறது, யாராவது மாற்றிக்கொள்ளச் சம்மதித்தால் மாற்றித் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். இதையும் அவர் என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் சொன்னது எனக்கு ஒரு துக்கக் கதையாகக் கேட்டதே ஒழிய, ஒரு வேலையாகக் கேட்கவில்லை. அவரும் வாய்விட்டு உதவி கேட்கக்கூடிய ஆள் இல்லை. நான் கடைக்காரன், எனக்கு எந்த நேரம் வசதியோ என்று நினைத்திருக்கிறார்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்டூலைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

"இத்தோட நிப்பாட்டிரலாம்னு இருக்கேன் பாயி. ஒடம்பப் பாத்தா பட்டி போகுது, பட்டியப் பாத்தா ஒடம்பு போகுது. ரெண்டுல ஒண்ணுதான் மிஞ்சும்னா, அவளுக்கு ஆடாவது மிஞ்சட்டும்."

அப்படியெல்லாம் பேசக் கூடாது அண்ணே என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். வியாழக்கிழமை அவர் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. போன் போட்டால் அணைத்து வைத்திருந்தது. வார்டில் எல்லாரும் உச்சுக்கொட்டினோம்.

திங்கட்கிழமை சாயங்காலம் இதையெல்லாம் ரஹ்மத்திடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதை அவர் குரலிலேயே சொன்னேன். எனக்கு நன்றாகச் சொல்ல வரும். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"அவுக பேசுனதெல்லாம் ஒண்ணு விடாமச் சொல்லுறீக. சரி, அவுகளுக்கு வேண்டியது மத்தியான ஷிப்டுதானே? அது நம்மகிட்டத்தானே இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. உடனே பதிலுக்குப் பாய்ந்தேன். விடிவதற்கு முன் வீரசோழனிலிருந்து மட்டும் பஸ் இருக்கிறதா, நான் மட்டும் வராந்தாவில் படுக்க வேண்டுமா என்றேன். அவள் வாசலைப் பார்த்தாள். அங்கே அவள் தம்பி சாகுலின் மினி லாரி நின்றது. தினமும் இருட்டோடு அருப்புக்கோட்டை மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு எடுக்கப் போகும் வண்டி. ஒன்றரை வருஷமாக என் வாசலில்தான் நிற்கிறது.

அதன் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. கடைவரை நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். மறுநாள் செவ்வாய், என் டயாலிசிஸ் நாள். மார்க்கெட்டிலிருந்து திரும்பிய சாகுலை லோடு இறக்கியதும் பிடித்துக்கொண்டேன். பல் விளக்கக்கூட விடவில்லை. போகிற வழியில் ஒரு வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு என்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிடு மாப்ளே என்றேன்.

ஊர் பேர் மட்டும்தான் தெரியும். ரெண்டு பக்கமும் சீமைக்கருவேல மரம் அடைத்த ரோட்டில் வண்டி குதித்துக் குதித்துப் போனது. ஆடு மேய்க்கிற சோலை வீடு என்று கேட்டதும், நாங்கள் யார் என்று விசாரிக்காமலே வழி சொன்னார்கள். அது எனக்குப் பயமாக இருந்தது. செத்த வீட்டுக்குத்தான் அப்படி வழி சொல்வார்கள்.

வீட்டுக்குள் கூட்டம். கயிற்றுக் கட்டிலில் சோலை அண்ணன் சாய்ந்திருந்தார். முதலில் என் கண்ணில் பட்டவை அவர் பாதங்கள்; எந்த அளவுச் செருப்பிலும் அடங்காத பாதங்கள். முகம் உப்பி, கண் பாதி மூடியிருந்தது. மாமன் மச்சான், பங்காளி, பக்கத்து வீட்டார் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து அவர் முனகுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வார்டில் நாங்கள் உச்சுக்கொட்டும் அதே சத்தம். கட்டிலுக்குக் கீழே ஒரு இளநீர்க் கூடு காலியாகக் கிடந்தது. இன்னொன்று அவர் கையில், குழல் வாயில்.

ஒரே எட்டில் போய்ப் பிடுங்கிவிட்டேன். குடிக்காதீக என்று கத்தினேன் போலிருக்கிறது. வீடே எழுந்து நின்றது. தொப்பி போட்ட, முன்பின் தெரியாத ஒருவன் வந்து நோயாளி வாயிலிருந்து இளநீரைப் பறித்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். இது இவருக்கு விஷம் என்றேன். கண்மாய்க்கரைத் தோப்புக் காய், இதுவா விஷம் என்றார் அவர் கோபமாக. அவர் பாண்டியம்மாளின் அண்ணன். ஆசையாக வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

சோலை அண்ணன் மெதுவாக, "நம்ம பாயி. விடுங்க" என்றார். காலைத் தூக்கச் சொன்னேன். தூக்க முடியவில்லை. பொட்டாசியம் ஏறினால் முதலில் கால்கள் துவளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போன் போட்டேன். இன்றோடு மூன்று முறை தவறியிருக்கிறது, இளநீர் குடித்திருக்கிறார் என்றதும், பேசிக்கொண்டிருக்காமல் உடனே கூட்டி வாருங்கள் என்றது அந்த டெக்னீஷியன் பெண்.

அண்ணன் அசையவில்லை. பட்டிப் பக்கம் பார்த்தார். பாண்டியம்மா மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ராத்திரிக்குப் பட்டிய யாரு பாக்க பாயி? எனக்குக் கண்ணு தெரியாது. அதுக்குத்தான் இவுக வரமாட்டேங்குறாக" என்றார்.

கூடியிருந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு உச்சுக்கொட்டினார்கள். எனக்குப் பொறுமை கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சட்டையைப் பிடித்த அந்த அண்ணனையே பார்த்துக் கேட்டேன்:

"உங்க வீடு எங்கன இருக்கு?"

"இந்தா, நாலு வீடு தள்ளி."

"இன்னிக்கு ராத்திரி பட்டியில நீங்க படுக்க ஏலுமா?"

"அதுக்கென்ன, படுத்துக்கிடுறேன்" என்றார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பக்கத்திலிருந்த இன்னொருவர், படல் முள் இத்துப்போய்விட்டது, புது முள் வெட்டி நானே அடைத்துவிடுகிறேன் என்றார். அதுவரை யாரும் அவர்களிடம் கேட்டதில்லை. அவர்களுக்கும் தோன்றியதில்லை. இளநீர் வெட்ட மரமேறியவர்கள், நாய்க்குக் காவல் இருக்க மாட்டோம் என்றா சொல்லப்போகிறார்கள்? நோயைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறார்கள். நோய்க்கு வெளியே என்ன வேலை கிடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

இடது கையால் எனக்குப் பாரம் தூக்க முடியாது. சாகுலும் அந்த அண்ணனும் கட்டிலோடு தூக்கி மினி லாரியின் பின்னால் வைத்தார்கள். வெங்காயச் சருகுக்கு நடுவில் மதினி மடியில் தலை வைத்து அவர் வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. (இதயத்துடிப்பைத் தாளில் வரைந்து காட்டும் சோதனை) எடுத்ததும் டாக்டர் அம்மாவின் முகம் மாறியது. துடிப்பு தாறுமாறாக இருந்தது. ஊசி போட்டார்கள். உடனே இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். ஆனால் எல்லா இயந்திரத்திலும் ஆள் இருந்தார்கள். அப்போது காலியாக இருந்தது ஒன்றுதான். என் முறைக்காக, எனக்கு வழக்கமான கட்டிலில்.

டாக்டர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உங்களுக்கு ஏற்கனவே இரண்டு நாள் இடைவெளி ஆகிவிட்டது, நாளை காலைவரை தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்றார். எடை பார்த்தார், நெஞ்சில் வைத்துக் கேட்டார், எனக்கும் ரத்தம் எடுத்தார். தாங்கும் என்று முடிவு வந்த பிறகுதான் கேட்டார்: "உங்களுக்குச் சம்மதமா? தண்ணி தொடக் கூடாது. மூச்சு முட்டுச்சுன்னா அந்த நிமிஷமே சொல்லணும்."

சரி என்றேன். பெரிய மனசு என்று வார்டில் சொன்னார்கள். அப்படியெல்லாம் இல்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இதை நீங்கள் யாரும் டாக்டரைக் கேட்காமல் செய்துவிடாதீர்கள். அவர் வேண்டாம் என்றிருந்தால் நானும் செய்திருக்க மாட்டேன்.

அன்றைக்கு முழுவதும் ஆஸ்பத்திரியிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். சாகுல் போன் பண்ணி, ரஹ்மத் அலறி அடித்துக்கொண்டு வந்தாள். வந்தவள் திட்டவில்லை, துணியை நனைத்து உதட்டில் ஒற்றிக்கொண்டே இருந்தாள். வழக்கமாக வடிந்திருக்க வேண்டிய தண்ணீர் எனக்குள் நின்றது. உள்ளங்கை கனத்தது, இமை கனத்தது. குனிந்தால் மூச்சு குறைந்தது. வெளியே தண்ணீர் லாரி வந்து தொட்டியில் ஊற்றும் சத்தம் கேட்டது. எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், நடந்தேன். நடக்காதீர்கள் என்றால் கேட்கவா போகிறேன்? நடைபாதைக் கடைசியில் இருக்கும் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சோலை அண்ணன் தெரிவார். என் ரத்தம் ஓட வேண்டிய குழாயில் அவர் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரத்துக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. எனக்கும் கொஞ்ச நேரம் தெரியவில்லை.

சாயங்காலம் அவருக்குப் பேச்சுத் தெளிந்தது. என்னைக் கூப்பிட்டு முதலில் கேட்டது, பட்டியில் படுக்கப்போவது யார் என்று. மைத்துனர் என்றேன். அவன் குறட்டை விடுவானே என்று கவலைப்பட்டார். குறட்டைக்கு நாய் பயப்படும் அண்ணே என்றேன். வெகு நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

மறுநாள் விடிந்ததும் எனக்கு இயந்திரம் கிடைத்தது. கழற்றிவிடச் சொல்லிக் கெஞ்சவில்லை; அன்று மட்டும். இறங்கியதும் நேராக அலுவலகத்துக்குப் போய், இனி முதல் ஷிப்ட் எனக்கு, இரண்டாவது அவருக்கு என்று எழுதிக் கொடுத்தேன். டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. அவ்வளவு சின்ன வேலை.

இதில் எனக்கு லாபமும் உண்டு. தியாகி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மத்தியானத்துக்குள் ஊர் திரும்பிவிடுகிறேன், சாயங்காலம் கடை திறக்கிறேன். நஷ்டம் தூக்கமும், சாகுல் வண்டியில் போடும் பழைய பாட்டுகளும். சோலை அண்ணன் இப்போது காலையில் பட்டியைத் திறந்து ஆடுகளை மைத்துனரிடம் ஓட்டிவிட்டு பஸ் ஏறுகிறார். டயாலிசிஸ் முடிந்து சாயங்காலக் கடைசி பஸ்ஸில் திரும்பி, இரவு பட்டிப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறார்.

ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் பேச்சு போய்விட்டது. நான் இறங்கும்போது அவர் ஏற வேண்டும்; சாகுல் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பான். பட்டி எப்படி அண்ணே என்பேன். நல்லாருக்கு பாயி, ரெண்டு குட்டி என்பார். அவ்வளவுதான். அந்த நாலு மணி நேரம் இப்போது எனக்கு முன்னைவிட நீளமாக இருக்கிறது. அவர் குரல் இல்லாமல் கால்கள் மறுபடி ஆடுகின்றன. அவரை இழந்துதான் அவரைக் காப்பாற்ற முடிந்தது என்று சில நாள் சிடுசிடுப்பாக இருக்கும்.

வார்டில் இப்போதும் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் வந்து அழுகிறார்கள். கேட்கிறேன். ஆனால் முன்போல முடிவுவரை கேட்பதில்லை. நடுவில் புகுந்து, எந்த ஊர், எந்த பஸ், வீட்டில் யார், டயாலிசிஸ் அன்று அடுப்பை யார் பார்ப்பது என்று குடைகிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. போன வாரம் மல்லாங்கிணற்றிலிருந்து வந்த ஒரு பெண், "ஒங்ககிட்ட மனசு விட்டுப் பேசலாம்னு சொன்னாக, நீங்க போலீஸ் மாதிரி கேக்குறீகளே" என்றாள். கேட்டதில், அவளுக்குத் துணைக்கு வரும் மகள் பரீட்சையை விட்டுவிட்டு வருகிறாள் என்று தெரிந்தது. இப்போது அண்ணனோடு காலை பஸ்ஸில் வரும் மதினி அவளோடு உட்கார்ந்துவிட்டு, மத்தியான பஸ்ஸில் ஊர் திரும்புகிறார். பகலில் மதினிக்குக் கண் நன்றாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று. இந்த நோயில், போதும் என்று தோன்றும் காலைகள் வரும். உங்களுக்கும் வரும். இருட்டில் எழுந்து, வீங்கிய கண்ணோடு, மறுபடியும் அந்த ஊசிக்குக் கையை நீட்ட வேண்டுமா என்று இருக்கும். எனக்குச் சோலை அண்ணனைவிட அதிகமாகவே அப்படித் தோன்றியிருக்கிறது, ரஹ்மத்திடம்கூடச் சொன்னதில்லை. இப்போதும் சில நாள் அலாரம் அடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். படுத்தபடியே கணக்குப் போகிறது. நான் அரை மணி தாமதமானால் இயந்திரம் அரை மணி தாமதமாகும். சோலை அண்ணன் ஏறுவது தாமதமாகும், இறங்குவது தாமதமாகும், சாயங்கால பஸ் போய்விடும். பொழுது சாயும்போது பட்டியில் மதினி தனியாக நிற்பார்.

என் நேரம் என்று ஒன்று இப்போது தனியாக இல்லை. சாகுல் வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருக்கிறான். எழுந்து முகம் கழுவிக்கொண்டு போகிறேன்.